பக்கத்து வீட்டில் முந்தி விழும் விக்கெட்

கணினி, வேலை, டிவி, எதைப் பற்றியும் கேட்கலாம் என்று போன இதழில் ஆசிரியர் குழு அறிவித்திருந்தது. வந்த கடிதங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். என்னைத் தெரியாதவர்களுக்காக: சென்னையில் கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது ஐந்தாவது வருடம். பழைய தமிழ் அச்சுப் பக்கங்களைக் கணினியைப் படிக்க வைப்பதுதான் என் ஆய்வு. சரி, கேள்விகளுக்குப் போகலாம்.

ஐ.பி.எல். மேட்ச் நடக்கும்போது பக்கத்து வீட்டில் ‘அவுட்!’ என்று கத்துகிறார்கள். எங்கள் டிவியில் பவுலர் அப்போதுதான் ஓடி வருகிறார். இரண்டு வீட்டிலும் அதே மேட்ச்தான். இது எப்படி?
— வாசகர், திண்டுக்கல்

அவர்கள் டிஷ் ஆன்டெனாவிலோ கேபிளிலோ பார்க்கிறார்கள், நீங்கள் இணையம் வழியாகப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரே வரியில் அதுதான் பதில். ஆனால் அந்த இடைவெளிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்குப் பிடிக்கும்.

பலரும் சாட்டிலைட்டைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அது பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேலே போய்க் கீழே வர ஏறக்குறைய 72,000 கிலோமீட்டர். சிக்னல் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால் மொத்தம் கால் நொடிதான் ஆகிறது. நேரத்தைத் தின்பது படத்தைச் சுருக்கும் வேலை. நொடிக்கு 25 படம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றையும் முழுதாக அனுப்ப எந்த அலைவரிசையிலும் இடமில்லை. அதனால் ஒரு படத்தை முழுதாக அனுப்பிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் எது மாறியதோ அதை மட்டும் அனுப்புகிறார்கள். பச்சைத் தரை அப்படியே இருக்கிறது, பவுலரின் கால் மட்டும் நகர்ந்திருக்கிறது, அந்தக் கால் மட்டும் போதும். இதில் இன்னொரு நுட்பம் உண்டு. சில படங்களை முன்னால் வந்த படத்தோடும் பின்னால் வரப்போகிற படத்தோடும் ஒப்பிட்டுச் சுருக்குவார்கள், அப்போது இன்னும் சிறியதாகும். பின்னால் வரப்போகிற படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அது வரும்வரை காத்திருந்துதானே ஆக வேண்டும்? டிஷ்ஷிலும் கேபிளிலும் ஏற்படும் தாமதத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இணையத்தில் இதற்கு மேலும் ஒரு காத்திருப்பு இருக்கிறது. வீடியோவைச் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வைக்கிறார்கள். ஒரு துண்டு முழுதாக முடிந்த பிறகுதான் அது உங்கள் டிவிக்குக் கிளம்பும். வந்ததும் உடனே ஓடாது, நடுவில் நெட் தடுமாறினால் படம் நிற்கக்கூடாது என்று இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். இப்படியே இருபது, முப்பது நொடி போய்விடுகிறது, அதற்குள் பக்கத்து வீட்டில் அடுத்த பேட்ஸ்மேன் வந்து நின்றிருப்பார். நடுவில் ஒருமுறை படம் நின்று ஓடியிருந்தால் இடைவெளி இன்னும் கூடியிருக்கும், ‘லைவ்’ என்ற பொத்தானை அழுத்தினால் அந்த உபரித் தாமதம் மட்டும் குறையும். போனில் ஸ்கோர் காட்டும் செயலி இதையெல்லாம் முந்திவிடும், அதற்கு அனுப்ப வேண்டியது நாலு எழுத்துதான். மேட்ச் நேரத்தில் அதன் அறிவிப்பை அணைத்து வையுங்கள்.

என் தாத்தாவின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கணினியில் வைத்திருக்கிறோம். ‘கௌரவம்’ என்று தேடினால் இல்லை என்கிறது. ஆனால் அந்தச் சொல் என் கண்ணுக்கு முன்னால் திரையில் தெரிகிறது! கணினி கெட்டுவிட்டதா?
— ஆசிரியை, விருதுநகர்

கெடவில்லை, டீச்சர். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கைகொடுக்க வேண்டும் போலிருந்தது. இதே இடத்தில் நான் இரண்டு வாரம் நின்றிருக்கிறேன்.

தட்டச்சு செய்தவர் பெரும்பாலும் ‘கெளரவம்’ என்று அடித்திருப்பார். அதாவது கெ என்ற எழுத்து, பக்கத்தில் ள என்ற எழுத்து. உங்கள் தேடலில் இருப்பது கௌ என்ற ஒரே எழுத்து. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், அச்சிட்டால் எந்த வித்தியாசமும் தெரியாது. கணினி வடிவத்தைப் பார்ப்பதில்லை, அடியில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறது. யூனிகோட் என்ற பொதுவான கணினிக் குறிமுறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து எண், அதை வழக்கமான முறையில் சேமிக்கும்போது ஓர் எண்ணுக்கு மூன்று பைட் வீதம் 15 பைட். ‘ஔவை’க்கும் இதே கதிதான், பாதிப் பேர் ஒ போட்டுப் பக்கத்தில் ள போடுகிறார்கள்.

என் கதை ‘கொடு’ என்ற சொல்லில் தொடங்கியது. பலர் பல வருடங்களாகத் தட்டச்சு செய்த கதைப் பக்கங்களில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கொடு, கொண்டு, போ, சொல் இதெல்லாம் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. தமிழில் ‘கொண்டு’ இல்லாமல் கதை எழுதிவிட முடியுமா? புரோகிராமில் பிழை என்று நினைத்து வரி வரியாகப் பார்த்தேன், இரவெல்லாம் திரும்பத் திரும்ப ஓட்டினேன், அதே எண்ணிக்கைதான் வந்தது. கடைசியில் ஒரு பக்கத்தின் எண்களை அப்படியே காகிதத்தில் அச்சிட்டு, சிவப்பு பேனாவோடு மெஸ் மேசையில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் தெரிந்தது. சில இடங்களில் ‘கொ’ என்பது க, அதன் பிறகு ஒகரக் குறி முழுதாக ஒரே எண். வேறு சில இடங்களில் க, அப்புறம் ஒற்றைக்கொம்பு தனி எண், அப்புறம் கால் தனி எண். திரையில் இரண்டும் மயிரிழைகூட வேறுபடாத ‘கொ’. யூனிகோடுக்கு முன்னால் இருந்த எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனியாகத்தான் இருந்தன, அந்தக் கோப்புகளை மாற்றும்போது அவை ஒட்டாமல் அப்படியே வந்துவிட்டன.

ஒகரத்துக்கு வழி சுலபம். இந்த இரண்டு வடிவமும் ஒன்றுதான் என்று யூனிகோடே விதி வைத்திருக்கிறது, ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாம். உங்கள் கௌரவத்துக்கு அந்த வழி கிடையாது. கெ, ள இரண்டும் உண்மையான எழுத்துகள், அவை சேர்ந்து நின்றால் தவறு என்று எந்த விதியும் சொல்ல முடியாது. எல்லா ‘ெள’வையும் ஒரே அடியில் மாற்றிவிடலாமே என்று தோன்றும், தயவுசெய்து செய்யாதீர்கள். வெள்ளம் போய்விடும், தெளிவு போய்விடும், கெளுத்தி மீனும் போய்விடும். ‘கெளரவ’, ‘மெளன’, ‘பெளர்ணமி’ என்று சொல் சொல்லாகத் தேடி, ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் பார்த்து மாற்றுங்கள். தாத்தாவின் கட்டுரையை இன்னொரு முறை படித்ததாகவும் இருக்கும்.

கணினியைத் தினமும் ஷட் டவுன் செய்ய வேண்டுமா, மூடி வைத்தால் போதாதா?
— வாசகர், தேனி

மடிக்கணினி என்றால் மூடி வைத்தால் போதும், வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் என்று சொல்லாமல் ரீஸ்டார்ட் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 8 முதல் வந்தவற்றில் ஷட் டவுன் செய்தாலும், அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காக உள்நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் உண்டு. ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

மகன் பிஎச்.டி. சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. ‘எப்பப்பா முடியும்’ என்று கேட்டால் எரிந்து விழுகிறான். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய் வீடு கட்டிவிட்டார்கள். அவன் அங்கே என்னதான் செய்கிறான்?
— ஒரு தாய், தஞ்சாவூர்

அம்மா, உங்கள் மகன் எரிந்து விழுவது உங்கள் மேல் இல்லை. அந்தக் கேள்விக்கு அவனிடமே பதில் இல்லை, அதுதான் வலி.

2022-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம், அதற்கு மேல் மறுபதிவு செய்து இரண்டு வருடம் நீட்டிக்கலாம். ஆக நாலு வருடம் என்பது தாமதமே இல்லை. முதலில் பாடத் தேர்வுகள். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கமிட்டி முன்னால் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினால் முகம் தெரியாத இரண்டு மூன்று பேர் படித்துக் கருத்து எழுதுவார்கள், அதற்கே பல மாதம் ஆகும், திருத்தி அனுப்பினால் இன்னும் சில மாதம், சில நேரம் ‘வேண்டாம்’ என்று ஒரே வரி. எல்லாம் சேர்ந்த பிறகு ஆய்வின் சுருக்கம் கொடுத்து, ஆய்வேடு கொடுத்து, வெளியூர் அறிஞர்கள் படித்து அறிக்கை அனுப்பி, கடைசியில் வாய்மொழித் தேர்வு. இதில் பாதி நாட்கள் அவன் கையில் இல்லை.

பணமும் உங்கள் மனதில் இருக்கும். ‘நெட்’ எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு உதவித்தொகை பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, அதோடு வீட்டு வாடகைப் படியும் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது மாதாமாதம் சரியாக வந்து சேருவது பெரிய விஷயம். எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் வராமல் மொத்தமாக வந்தது. அந்த ஐந்து மாதமும் அறை வாடகைக்குத் தோழியிடம் கேட்க வேண்டியிருந்தது, வீட்டில் சொல்லவில்லை. உங்கள் மகனும் சொல்லாமல் இருக்கலாம். அவனுக்கு இந்த உதவித்தொகை கிடைக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது, எதுவும் இல்லாமல் படிக்கிறவர்கள் நிறையப் பேர்.

என் அப்பா ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்வார். எப்போது முடியும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. “இன்னைக்கு ஓடுச்சா?” என்பார். புரோகிராம் ஓடியதா என்று அர்த்தம். அவர் பத்தாம் வகுப்பு படித்தவர், மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார், சுருள் சுற்றி முடித்ததும் மோட்டாரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையைக் கழுவுவார். அதனால் அவருக்கு இந்தக் கேள்வி இயல்பாக வருகிறது. ஓடவில்லை என்றால், “சரி, எங்க மாட்டிக்கிச்சு?” என்று கேட்பார். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்ப்பேன், சொல்லும்போதே எனக்குச் சில நாள் விடை கிடைத்திருக்கிறது. நீங்களும் அவனிடம் இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்டுப் பாருங்கள். வீடு கட்டியவர்களின் பேச்சை மட்டும் கொஞ்ச நாளைக்கு எடுக்காதீர்கள்.

பழைய டிவியில் சேனல் வராதபோது புள்ளி புள்ளியாக இரைச்சலோடு ஓடுமே, இப்போது ஏன் வருவதில்லை? என் குழந்தைகளுக்குச் சொன்னால் புரியவில்லை.
— வாசகி, கோயம்புத்தூர்

அந்தப் புள்ளிகளைக் குழந்தைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும், அவ்வளவு பெரிய சங்கதி அது.

மொட்டைமாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து ஒருவர் “தெரியுது, தெரியுது, போச்சு, கொஞ்சம் லெஃப்ட்ல” என்று கத்திய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த இரைச்சல் காதிலேயே இருக்கும். அந்த டிவி, ஆன்டெனாவில் எது வந்தாலும் படமாக்கிக் காட்டும். நிலையத்தின் சிக்னல் இல்லாதபோது மிக்ஸி, மோட்டார், மின்னல், டிவியின் சொந்தச் சூடு எல்லாவற்றின் மின்னதிர்வையும் புள்ளிகளாக்கியது. அதில் சுமார் நூற்றில் ஒரு பங்கு, இந்தப் பிரபஞ்சம் பிறந்து கொஞ்ச காலத்தில் கிளம்பிய பழைய ஒளியின் மிச்சம். 1,380 கோடி வருடம் பயணம் செய்து, குளிர்ந்து, நுண்ணலையாக மாறி, நம் வீட்டு மொட்டைமாடிக் கம்பியில் வந்து இறங்கியது. 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் பெரிய ஆன்டெனாவில் தீராத இரைச்சல் ஒன்றைக் கேட்டார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் அதே இரைச்சல். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சத்தைக்கூடச் சுத்தம் செய்து பார்த்தார்கள், போகவில்லை. அதுதான் இது. 1978-இல் நோபல் பரிசு.

இப்போதைய டிவிக்கு வருவது எண்கள். எண்கள் சரியாக வந்தால் படம், இல்லையென்றால் ‘நோ சிக்னல்’ என்று நீலத் திரை. நடுவில் எதுவும் இல்லை. ஊரில் பழைய குண்டு டிவி யாரிடமாவது இருந்தால், ஒரு துண்டு வயரை ஆன்டெனா துளையில் செருகி, குழந்தைகளை முன்னால் உட்கார வையுங்கள்.

முக்கியமான எல்லாம் ஒரு பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது. போதும்தானே?
— வாசகர், நாகர்கோவில்

போதாது. பென் டிரைவ் வேலைக்காகத் தூக்கிப் போக வைத்துக்கொள்வது, பூட்டி வைக்க அல்ல. அதில் தகவல் இருப்பது மிகச் சிறிய மின்னூட்டமாக, வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அது கசியும். மூன்று பிரதி வையுங்கள், இரண்டு வேறு வகைப் பொருளில், ஒன்று வேறு ஊரில் அல்லது இணையத்தில். வேறு இடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எனக்கு மூத்த ஆய்வாளர் ஒருவரின் தரைத்தள அறையில் கணினியும் அதன் பிரதி இருந்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேசையில் ஒரே தண்ணீரில் கிடந்தன. இரண்டு வருடத் தரவு. அவர் தன் ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளருக்கு அவ்வப்போது மின்னஞ்சலில் அனுப்பியிருந்த அத்தியாயங்கள்தான் மிஞ்சின. இன்னொன்று, பிரதி எடுத்தால் மட்டும் போதாது, மாதம் ஒருமுறை அதில் ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

அம்மா சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் பத்து மணிவரை சீரியல்தான். படித்தவர்கள் நீங்கள் சொன்னால் கேட்பார். டிவி மூளையைக் கெடுக்கும்தானே?
— வாசகர், திருச்சி

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். லீவில் ஊருக்குப் போனால் என் அம்மா சீரியல் பார்க்கும் கூடத்தில்தான் மடிக்கணினியை வைத்து வேலை செய்கிறேன். அவர் சும்மா பார்ப்பதில்லை. முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டோ, பூ கட்டிக்கொண்டோ பார்ப்பார். விளம்பரம் வந்தால் எழுந்து போய் உலை வைப்பார். “இவ இப்படிப் பேசக்கூடாது” என்று திரையைப் பார்த்துக் கண்டிப்பார். பக்கத்து வீட்டு அத்தை வந்தால் இருவரும் அந்தக் கதையை வைத்துத் தங்கள் வீட்டு விஷயத்தைப் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன், நேராகப் பேச முடியாத மருமகள் கதையெல்லாம் அப்படித்தான் வெளியே வருகிறது. பெண்ணுக்கு எதிராகப் பெண்ணே சூழ்ச்சி செய்வதும், ஒரு கன்னத்தில் அறை விழுந்தால் ஆறு பேர் முகத்தைக் காட்டுவதும் எனக்கும் பிடிக்காது, அம்மாவிடம் சொல்லவும் செய்கிறேன். அவர் அதற்குப் பதில் வைத்திருக்கிறார்.

சென்னையில் டிவி நிலையம் வந்தது 1975 ஆகஸ்ட் 15. 1993 தமிழ்ப் புத்தாண்டில் தனியார் தமிழ்ச் சேனல் தொடங்கும்வரை எங்கள் அம்மாக்களுக்குத் தமிழில் இருந்தது தூர்தர்ஷன் மட்டும்தான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடியதை அம்மா இன்றும் சொல்வார், யார் வீடு, யார் எந்த இடத்தில் உட்காருவார்கள் என்பது உட்பட. என் கவலை இப்போது அவர் தனியாகப் பார்க்கிறார் என்பதுதான். நிறுத்தச் சொல்லாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், அரை மணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு.

இவ்வளவு பேருக்குப் பதில் சொல்கிறீர்கள். உங்கள் ஆய்வு எப்போது முடியும்?
— வாசகி, மதுரை

தை மாதம் சுருக்கம் கொடுக்கலாம் என்று நெறியாளர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால், கணினி படித்த பக்கங்களை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும், அதை எந்தப் புரோகிராமிடமும் கொடுக்க முடியாது. நாளுக்கு எட்டுப் பக்கம் முடிகிறது. நேற்று ஒரு பக்கத்தில் ‘க’ வர வேண்டிய இடத்தில் ஒன்று என்ற தமிழ் எண் ‘௧’ உட்கார்ந்திருந்தது, பூதக்கண்ணாடி வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இன்னும் 212 பக்கம் இருக்கிறது.